பதினாறு எண்ணும் வரை

அந்த போனைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள் சார். ஸ்டூல் மேல் வேண்டாம், அந்த ஜன்னலில் வையுங்கள். பதியும், பதியும். முகத்துக்கு நேரே இருந்தால் எனக்குப் பேச்சு வராது. முப்பத்தெட்டு வருடம் மேடையில் உட்கார்ந்தவன்தான். ஆனால் ஒரு வார்த்தை பேசியதில்லை. தாளக்காரன் எதற்குப் பேச வேண்டும்? இரண்டு வெண்கலக் கிண்ணம். ஒன்றோடு ஒன்றைத் தட்ட வேண்டும், சரியான இடத்தில் தட்ட வேண்டும். அவ்வளவுதான் என் உத்தியோகம்.

ரூத்தம்மாவைப் பற்றிப் புத்தகம் எழுதுகிறீர்கள். நல்லது. அமெரிக்காவில் அவர்கள் நாடகம் போட்டுப் போட்டு எப்படிப் பெரிய ஆளானார்கள் என்று உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். எனக்குத் தெரிந்த கணக்கைச் சொல்கிறேன், சரி பார்த்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு முன்னால் பதினேழு நாடகம். முதல் நாடகம் மூடிக்கிடந்த ஒரு மாதா கோயில் கூடத்தில். பார்க்க வந்தது பதினொரு பேர், அதில் இரண்டு பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள். பதினேழில் ஐம்பது ஆட்டம் தாண்டியவை மூன்று. ஜப்பானிலிருந்து பொம்மலாட்டக்காரர்களைக் கூட்டி வந்தது ஒன்பதாவது. என்ன, பத்தாவதா? இல்லை சார், ஒன்பது. அவர்கள் வாயால் சொன்னது. ஸ்டெல்லா டீச்சர் தமிழில் சொல்ல நான் கேட்டது. ஊருக்குப் போய்ச் சரி பாருங்கள்.

பதினெட்டாவதாக எங்களைப் பிடித்தார்கள். பதினொரு வருடம் ஆகிறது.

எங்கள் நாடகம் எப்படி நடக்கும் என்று தெரியுமா? தலையாட்டுகிறீர்கள். ரூத்தம்மாவும் இப்படித்தான் ஆட்டினார்கள். எங்களுக்குக் கம்பெனி கிடையாது சார். திருவிழாவுக்கு நாடகம் வேண்டுமென்றால் ஊர்க்காரர்கள் புதுக்கோட்டைக்கு வந்து நாடகக்காரர் சங்கத்தில் உட்கார்ந்து ஆள் பொறுக்குவார்கள். ராஜா வேஷத்துக்கு ஓர் ஊரிலிருந்து ஒருத்தர், பெண் வேஷத்துக்கு வேறோர் ஊரிலிருந்து ஒருத்தர். ஆர்மோனியம், மிருதங்கம், தாளம், பபூன் எல்லாம் தனித்தனி. அன்றைக்கு மேடையில்தான் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்ப்போம். மறுநாள் அவரவர் பஸ், அவரவர் ஊர். ஒத்திகை என்ற பேச்சே கிடையாது. கதை எல்லோருக்கும் தெரியும். பாட்டு எல்லோருக்கும் தெரியும். தர்க்கம்தான் யாருக்கும் தெரியாது.

ரூத்தம்மா எடுத்துக்கொண்ட ‘ஓடக்காரி கல்யாணம்’ என்றால் ராஜா வியாபாரி வேஷத்தில் ஆற்றங்கரைக்கு வருவான். அக்கரைக்கு விடு என்பான். அவள் விடமாட்டாள். அங்கே பிடிக்கும் தர்க்கம். அவன் என்ன கேட்பான் என்று அவளுக்குத் தெரியாது, அவள் என்ன சொல்வாள் என்று அவனுக்குத் தெரியாது. “அக்கரையிலே அரமனை இருக்கு, பாதியை உனக்குத் தாரேன்” என்பான். “எந்தப் பாதி? கூட்டுற பாதியா, உக்காருற பாதியா?” என்பாள். கூட்டம் எழுந்து துண்டைச் சுற்றும். ஆர்மோனியம் மூன்று தரம் சுரம் பிடிக்கிற வரைக்கும் பதில் வராவிட்டால் தோல்வி. விசில் அடிப்பார்கள். அந்த விசிலை வாங்கியவர்களுக்கு அடுத்த வருடம் அந்த ஊர்ப் பக்கம் நாடகம் இருக்காது.

பொன்னமராவதி ஜெயசுந்தரி அந்த விசிலை வாங்கியதே இல்லை. பத்தொன்பது வயதில் வந்தது அந்தப் பிள்ளை. நான் தாளம் தட்டி அது ஓடக்காரி வேஷம் கட்டியது மட்டும் அறுநூற்றுப் பதினொரு நாடகம். அதில் மாங்குடி வேலுச்செல்வத்தோடு இருநூற்றெட்டு. வேலுச்செல்வம் லேசான ஆளில்லை, ராஜா வேஷத்துக்கு இந்த ஜில்லாவில் அவன்தான். இருநூற்றெட்டிலும் அந்தப் பிள்ளையை மடக்க முடியவில்லை அவனால்.

இப்படிப்பட்டவர்களை ரூத்தம்மா ஒரு கல்யாண மண்டபத்தில் பத்து நாள் உட்கார வைத்தார்கள். ஒத்திகை! ஆர்மோனியம் இருளப்பன் பாயிலேயே படுத்துவிட்டார். “கல்யாணத்துக்கு முந்தியே தாலி கட்டிப் பாக்கச் சொல்றாளே இந்தம்மா” என்றார். ஸ்டெல்லா டீச்சர் அதை மட்டும் இங்கிலீஷில் சொல்லவில்லை. திருச்சி காலேஜில் வேலை பார்த்த டீச்சர் அவர்கள், இரண்டு பக்கத்துக்கும் அவர்கள்தான் வாய்.

ரூத்தம்மா கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு கடிகாரம் தொங்கும். அமுக்கினால் ஓடும், அமுக்கினால் நிற்கும். நாடகம் எவ்வளவு நேரம் என்று கேட்டார்கள். “விடியிற வரைக்கும்” என்றார் இருளப்பன். எல்லோரும் சிரித்தார்கள். ரூத்தம்மா சிரிக்கவில்லை. பாவமாக இருந்தது எனக்கு. அவர்கள் ஊரில் ஒரு மணி ஐம்பது நிமிடத்துக்கு மேல் போனால் விளக்குப் போடுகிறவன் எழுந்து போய்விடுவானாம். டீச்சர் காதில் மெதுவாகச் சொன்னேன். “பபூன் இல்லாம முன்பாட்டு இருபத்தி ரெண்டு நிமிஷம். ராஜா தர்பார் முப்பத்தஞ்சு. தர்க்கம் நாப்பது நிமிஷத்துலேருந்து ரெண்டேகால் மணி வரைக்கும் போயிருக்கு. சராசரி ஒண்ணேகால்.”

டீச்சர் சொன்னதும் ரூத்தம்மா திரும்பி என்னைப் பார்த்தார்கள். வந்து ஜமுக்காளத்தில் என் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். முட்டி வலி உள்ளவர்கள் சார், உட்காரும்போது ஒரு சத்தம் கேட்டது. “இதையெல்லாம் எண்ணினீர்களா?” என்று கேட்டார்கள். எண்ணினேன் என்றேன். கழுத்திலிருந்த கடிகாரத்தைக் கழற்றி என் கையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னார்கள். அஞ்சாம் கிளாஸ் படித்தவன் நான். என் கணக்கை அதுவரை ஒருத்தர் கேட்டதில்லை. கேட்டவர்களும் சிரிக்கத்தான் கேட்டார்கள்.

இதை எழுதிக்கொள்ளுங்கள். நான் விரும்பிப் போய் எதையும் கொடுக்கவில்லை. அவர்கள் கேட்டார்கள்.

எதைக் கேட்டார்கள் என்றால், அமெரிக்காவில் மேடைக்கு மேலே ஒரு பலகை கட்டுவார்களாம். நாம் தமிழில் பேசப் பேச அதில் இங்கிலீஷ் எழுத்து ஓடும். அதற்கு என்ன பேசப் போகிறோம் என்று முன்கூட்டியே வேண்டும். வேலுச்செல்வம் தன் கேள்வியில் ஒரு பன்னிரண்டைக் கொடுத்தான். ஜெயசுந்தரியிடம் கேட்டார்கள்.

“அதெப்படிம்மா இப்பவே சொல்றது? அண்ணன் என்ன கேக்குறாரோ அதுக்குத்தானே வரும்.”

“ஏதாவது ஒன்று இருக்குமே?” என்றார்கள் டீச்சர்.

“இருக்கும். அங்க வந்து சொல்றேன்” என்று சொல்லிவிட்டு வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டது. போட்டுக்கொண்டால் அன்றைக்கு அது பேசாது.

நான்கு நாள் போயிற்று. பலகை எழுதுகிறவன் அமெரிக்காவிலிருந்து போன் மேல் போன். ரூத்தம்மா சாப்பிடவில்லை. பதினெட்டாவதும் விழுந்தால் அந்த மாதா கோயில் கூடத்தைக்கூடத் திருப்பி எடுத்துக்கொள்வார்கள் என்று டீச்சர் சொன்னார்கள். அப்போது சொன்னேன் சார். “ஓடக்காரி பதில் மொத்தம் நாப்பத்தி மூணு” என்றேன். “எந்தக் கேள்விக்கு எது, எந்த ஊர்ல எப்பச் சொன்னது, எல்லாம் தெரியும்.”

மூன்று காலை. மண்டபத்துச் சமையல்கட்டுப் பக்கம் உட்கார்ந்து நான் சொல்லச் சொல்ல டீச்சர் எழுதினார்கள். ஒன்று விடாமல் சொன்னேன். வரிசை மாறாமல் சொன்னேன். அந்தப் பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்டிருக்கலாம்தான். அது முகத்துக்கு நேரே நான் என்றைக்குப் பேசினேன்? இருபத்திரண்டு வருடத்தில் “தண்ணி வேணுமாத்தா” என்று கேட்டிருப்பேன், ஒரு நாலைந்து தரம். தவிர, நான் கொடுத்தது பலகைக்கு. பலகைக்குத்தான் கொடுத்தேன். ரூத்தம்மா அதை அச்சடித்து ஆளுக்கொரு பிரதி கொடுக்கச் சொல்வார்கள் என்று நான் கண்டேனா? அவர்கள் ஊரில் அதுதான் வழக்கமாம். எல்லோர் கையிலும் எல்லோர் பேச்சும் இருக்க வேண்டுமாம்.

ஜெயசுந்தரி அந்தக் காகிதத்தைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. ஏதோ இங்கிலீஷ் நோட்டீஸ் என்று பெட்டியில் அடியில் விரித்து அதன் மேல் சேலையை அடுக்கிவிட்டது. வேலுச்செல்வம் பிரித்தான். டீச்சர் பக்கத்துக்குப் பக்கம் தமிழும் எழுதியிருந்தார்களே. விமானத்தில் பதினாறு மணி நேரம். தூங்காமல் படித்தான். நானும் பார்த்தேன். ராஜபார்ட்டுக்குத் திடீரென்று படிப்பில் இவ்வளவு ஆசையா என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

அமெரிக்காவில் முதல் ஆட்டம். முந்நூற்று நாற்பது நாற்காலி, ஆள் இருந்தது நூற்றுப் பன்னிரண்டில். தர்க்கம் தொடங்கி ஆறாவது கேள்வி. வேலுச்செல்வம் மீசையை நீவிக்கொண்டு முன்னால் வந்தான். “பெண்ணே, அரமனையிலே பாதி தாரேன். எந்தப் பாதின்னு கேப்பே. கூட்டுற பாதியா, உக்காருற பாதியான்னு கேப்பே. உக்காருற பாதிதான், வா!” என்றான். பலகையில் இங்கிலீஷ் ஓடியது. வெள்ளைக்காரக் கூட்டம் கொல்லென்று சிரித்தது. அந்தப் பிள்ளை வாயைத் திறப்பதற்குள் அதன் சிரிப்பை அவன் வாங்கிவிட்டான்.

அது வேறொன்றை எடுத்தது. அதையும் பாதியில் பிடுங்கினான். இன்னொன்று. அதையும். பிறகு அது தலையைத் தூக்கி அந்தப் பலகையைப் பார்த்தது. எழுத்து அதற்குத் தெரியாது. ஆனால் பார்த்தது. கையில் துடுப்போடு அப்படியே நின்றுவிட்டது.

இருளப்பன் சுரம் பிடிக்க மறந்து ஆர்மோனியத்தில் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். நான் எண்ணினேன். வேறென்ன செய்வேன்? மனசுக்குள் பதினாறு போயிற்று. பதினாறாவதில் கை தானாகத் தட்டியது. இருளப்பன் விழித்துக்கொண்டு பாட்டை எடுத்தார், நாடகம் நகர்ந்தது. முடிந்ததும் நூற்றுப் பன்னிரண்டு பேரும் எழுந்து நின்று தட்டினார்கள். அந்த மௌனத்துக்காம்! மறுநாள் பேப்பரில் வந்ததே, நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒரு பெண் பேச மறுத்தாள், சபை மூச்சை நிறுத்தியது என்று ஏதோ எழுதியிருந்தானாம். அடுத்த ஆட்டத்தில் முந்நூற்று நாற்பதும் நிறைந்தது. ஒன்பது ஆட்டம் பதினாலு ஆட்டமாயிற்று.

ரூத்தம்மா ஓடி வந்து ஜெயசுந்தரியைக் கட்டிக்கொண்டார்கள். தினமும் இதே போல் நிற்க வேண்டும் என்றார்கள்.

“நான் நின்னது தோத்துப் போயிம்மா” என்றது அந்தப் பிள்ளை.

டீச்சர் சொன்னார்கள். ரூத்தம்மா கேட்டுவிட்டு, “பதினெட்டு நாடகம் போட்டிருக்கிறேன். எந்த நாடகத்துக்கும் இப்படி எல்லோரும் எழுந்து நின்றதில்லை. இதில் தோல்வி எங்கே இருக்கிறது?” என்றார்கள்.

“எங்க ஊர்ல வந்து கேளுங்க, சொல்லுவாங்க.”

“இது உங்கள் ஊர் இல்லையே.”

“நாளைக்குப் புதுசாப் பேசுறேன். அவரு படிக்காததாப் பேசுறேன்.”

“பலகையில் அது இருக்காதே” என்றார்கள் ரூத்தம்மா. கெட்ட எண்ணம் இல்லை அவர்களுக்கு. கண்ணில் தண்ணீரோடுதான் சொன்னார்கள். பிறகு என் பக்கம் திரும்பி, எவ்வளவு நேரம் நின்றது என்று கேட்டார்கள். பதினாறு எண்ணிக்கை என்றேன். கடிகாரத்தைப் பார்த்தார்கள், தலையை ஆட்டினார்கள். “தினமும் பதினாறு. மிஸ்டர் அடைக்கலம் தட்டியதும் பாட்டு” என்றார்கள். பதினைந்து என்றால் யாருக்கும் உறைக்காது. பதினேழு என்றால் இருமத் தொடங்கிவிடுவார்கள். அது எனக்கும் தெரிந்தது, அவர்களுக்கும் தெரிந்தது. வேறு யாருக்கும் தெரியவில்லை.

இதைத்தான் சார் உங்கள் புத்தகத்தில் போட வேண்டும். அந்த மௌனம் ரூத்தம்மாவின் யோசனை என்று அவர்கள் சொல்லலாம். அதற்குப் பிறகு அவர்கள் பெரிய தியேட்டருக்குப் போனார்கள், பரிசு வாங்கினார்கள், வாங்கட்டும். பதினாறு என்பது என் கணக்கு. நோட்டீஸில் எல்லார் பெயரும் போட்டு, கடைசியில் ‘மற்றும் வாத்தியக்காரர்கள்’ என்று போட்டிருந்தார்கள். நான் அந்த மற்றும்.

அந்த முதல் ஆட்டத்தன்று ராத்திரி அறையில் ஜெயசுந்தரி பெட்டியைக் கவிழ்த்து அந்தக் காகிதத்தை எடுத்து இருளப்பனை வாசிக்கச் சொல்லியிருக்கிறது. நாற்பத்து மூன்றையும் கேட்டதாம். அப்புறம் என் அறை வாசலில் வந்து நின்றது.

“அண்ணே, எனக்கே மறந்துபோன பதிலெல்லாம் இதுல இருக்கு. ஆலவயல்ல பத்து வருசத்துக்கு முந்தி ஒரே ஒரு தடவை சொன்னது இருக்கு. அதையெல்லாம் எண்ணி வெச்சிருக்கிற ஆளு ஒருத்தர்தான்.”

பதினொரு வருடத்துக்கு முந்தி என்று சொல்ல நினைத்தேன்.

இருளப்பன் வெளியிலிருந்து, “இத்தனை வருசம் வாயைத் திறக்காத மனுசன். திறந்தாரு பாரு, வீட்டுச் சாவியையே தூக்கி எதிராளிகிட்டக் குடுத்துட்டாரு” என்றார். அவருக்கு என்ன, அவர் எப்போதும் பேசுகிறவர்.

அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை என்னோடு பேசவில்லை. ஊருக்குத் திரும்பிய பிறகு நான் தாளம் என்றால் அது வருவதில்லை. ஏஜெண்டு தேதி சொன்னால், “தாளம் யாரு?” என்றுதான் முதலில் கேட்குமாம். ஓடக்காரி கட்டுகிற மற்றப் பெண்களும் அதைப் பார்த்துப் பிடித்துக்கொண்டார்கள். “அந்தாளு பக்கத்துல உக்காந்தா வாயத் திறக்கப் பயமா இருக்கு” என்கிறார்களாம். வருடத்துக்கு நூற்றுப் பத்து நாடகம் போனவன், போன வருடம் இருபத்தேழு. அதிலும் பதினெட்டு வேறு கதை. நான் செய்த தப்பு என்ன? ஒரு பதிலையாவது மாற்றிச் சொன்னேனா? ஒரு எழுத்து கூடக்குறையச் சொன்னேனா? பதினாலு ஆட்டத்தில் ஒரு நாளாவது பதினாறு பதினேழு ஆனதா?

ஆகவில்லை. கடைசி நாள் வரைக்கும் ஆகவில்லை.

கடைசி நாளா? அது மத்தியான ஆட்டம். நீங்கள் கேட்கிறீர்கள், சொல்கிறேன். இரண்டாம் நாளிலிருந்து அந்தப் பிள்ளை அந்த இடத்தில் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கும். அன்றைக்கும் நின்றது. நான் எண்ணிக்கொண்டு வந்தேன். பன்னிரண்டில் தலை நிமிர்ந்தது. பதின்மூன்றில் வேலுச்செல்வத்தைப் பார்த்தது. பதினாலில் துடுப்பைக் கீழே வைத்தது. அது பழக்கமே இல்லை, ஓடக்காரி துடுப்பைக் கீழே வைக்கமாட்டாள். பதினைந்தில் வாயைத் திறந்தது.

பதினாறில் தட்டினேன்.

கணீரென்று விழுந்தது. இருளப்பன் பாட்டை எடுத்துவிட்டார். அது அப்படியே வாயை மூடிக்கொண்டது. குனிந்து துடுப்பை எடுத்தது.

அது வாயைத் திறந்ததைப் பார்த்தீர்களா என்று கேட்கிறீர்கள். பார்த்தேன் சார். பார்க்கத்தானே என்னை உட்கார வைத்தது. பதினாறு என்றால் பதினாறு. அதற்குப் பேர்தானே ஒப்புக்கொண்ட வேலை? அது முன்னாலேயே என்னிடம் சொல்லியிருந்தால்... சொல்லாது. என்னோடுதான் பேசுவதில்லையே.

நாளைக்கு நீங்கள் பொன்னமராவதி போகிறீர்கள். பஸ் ஸ்டாண்டிலிருந்து மேற்கே ஏழாவது வீடு, பச்சைக் கதவு. ஒரு தகவல் சொல்ல வேண்டும். பங்குனி இருபத்திரண்டு திருமயம் பக்கத்தில் ஓடக்காரி கல்யாணம். ஜெயசுந்தரிதான் வேண்டும் என்று ஊர் கேட்டிருக்கிறது. தாளம் இன்னும் போடவில்லை. அந்த இடத்தைக் காலியாகத்தான் வைத்திருக்கிறேன் என்று ஏஜெண்டு சொன்னான். அந்தப் பிள்ளை சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ரூத்தம்மா உத்தரவுப்படிதான் அடைக்கலம் தட்டினார், கணக்குத் தப்பவில்லை என்று நீங்கள் எடுத்துச் சொல்லுங்கள். வெளியாள் சொன்னால் கேட்கும்.

இன்னொன்று.

அந்த வாய் திறந்தது பாருங்கள், பதினைந்தில். உதடு குவிந்தது. நாற்பத்து மூன்றில் எதற்கும் உதடு அப்படிக் குவியாது சார். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துவிட்டேன், பதினொரு வருடமாகப் போட்டுப் பார்க்கிறேன், ஒன்றும் பொருந்தவில்லை. அந்த மேடையில் பதின்மூன்று நாள் நின்று யோசித்து எடுத்த பதில். அது மட்டும் வெளியே வந்திருந்தால் வேலுச்செல்வம் செத்திருப்பான். அது என்ன பதில் என்று மட்டும் கேட்டுக்கொண்டு வாருங்கள். வேறொன்றும் வேண்டாம். பேச்சோடு பேச்சாகக் கேளுங்கள், உங்கள் புத்தகத்துக்கு என்று கேளுங்கள். நான் கேட்டேன் என்று சொல்லாதீர்கள்.

அந்த போன் ஓடிக்கொண்டுதான் இருக்கிறதா? இருக்கட்டும்.

இல்லை சார். நான் கேட்டேன் என்று சொல்லிவிடுங்கள். சொன்னால் அது பதிலைச் சொல்லாது, எனக்குத் தெரியும். பரவாயில்லை. முதலில் அதைச் சொல்லிவிட்டு அப்புறம் கேளுங்கள்.